பெட்ரோல் போட்டும் இரண்டு பொய்க் கணக்குகளும்

"டேய், அதோட உயிரையே உருவிட்டியேடா!"

போன மாதம் எங்க மாமா என்னைப் பார்த்துச் சொன்னது இது. நான் யாரையும் கொலை செய்யவில்லை மக்களே. 2011-ல் ஷார்ஜாவிலிருந்து ஊருக்குத் திரும்பும்போது அவர் ஆசை ஆசையாக வாங்கிவந்த ரிமோட் போட்டிலிருந்து பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, மோட்டாரும் பேட்டரியும் வைத்தேன். அதற்குத்தான் இந்தக் கொலைப்பழி.

மாமா ஒருத்தர் சொல்லியிருந்தால் குடும்பப் பிரச்சினை என்று விட்டிருப்பேன். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். பெட்ரோல் போட்தான் "ஒரிஜினல்", பேட்டரி போட் குழந்தைகள் பொம்மை என்கிறார்கள். மீதிப் பாதி எதிர் முகாம். "எலக்ட்ரிக்குக்கு மாத்து, செலவே இல்லை, சுத்தம், சுகம்" என்று ஜல்லியடிக்கிறார்கள். நான் பி.காம். மூன்றாம் வருடம். இன்ஜினியரிங் படிக்காதவன் இன்ஜினைப் பற்றிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். கணக்கு எழுதத் தெரிந்தவன் பேசலாம். ரெண்டு முகாமும் காட்டுவது பொய்க் கணக்கு என்பதுதான் என் வாதம்.

முதலில் இந்த வஸ்து என்ன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் இதை "கேஸ் போட்" என்பார்கள். நம்மூரில் கேஸ் என்றால் சமையல் சிலிண்டர். அவர்களுக்கு கேசோலின், அதாவது பெட்ரோல். எங்க மாமாவுடையது சுமார் நாலடி நீளம், ஃபைபர் உடம்பு, நடுவில் 26 சி.சி. டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பொறிப்பிளக், கார்புரேட்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது எல்லாம் உண்டு. இந்த அளவு இன்ஜின்கள் புதர் வெட்டும் மெஷின் வகையறாவின் பங்காளிகள்தான். பெட்ரோலில் 25-க்கு 1 என்று டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். இன்ஜினிலிருந்து ஒரு வளையும் கம்பி வழியாக நேராக புரொப்பெல்லருக்கு இணைப்பு. நைட்ரோ என்று இன்னொரு ஜாதி உண்டு. அதற்கு மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருள். அந்தக் கதை வேறு.

"ஒரிஜினல்" என்கிற டகால்டி

பெட்ரோல்தான் ஒரிஜினல் என்பவர்களுக்கு ஒரே ஒரு தகவல். ரேடியோவால் ஓட்டின முதல் போட்டை நிகோலா டெஸ்லா 1898-ல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், ஒரு தண்ணீர்த் தொட்டியில் மக்களுக்கு ஓட்டிக் காட்டினார். அதே வருடம் நவம்பர் 8-ஆம் தேதி காப்புரிமையும் வாங்கினார், எண் 613,809. அந்தப் போட்டுக்குள் இருந்தது என்ன தெரியுமா? பேட்டரியும் மின்மோட்டாரும்! ஆக நான் செய்தது கொலை இல்லை மாமா, பூர்வீகச் சொத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறேன் :-)

பொம்மை என்கிறவர்களுக்கும் ஒன்று. பக்கத்து மாநிலத்தில் வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 75 பேர் உட்காரும் "ஆதித்யா" என்ற சோலார் படகு 2017-ல் ஓட ஆரம்பித்தது. உள்ளே பேட்டரியும் மோட்டாரும்தான். அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு பொம்மை என்று சொல்லிப் பாருங்கள். அமெரிக்காவின் மாடல் படகுச் சங்கங்களான நாம்பாவும் இம்ப்பாவும் எலக்ட்ரிக் போட்டுகளுக்குத் தனிப் பிரிவுகள் வைத்துப் பந்தயம் நடத்துகின்றன. ஒரிஜினல் வாதம் இதோடு க்ளோஸ்.

பொய்க் கணக்கு எண் 1: "எலக்ட்ரிக் என்றால் செலவே இல்லை"

இப்போது என் முகாமையே அடிக்கப் போகிறேன். மாற்றுவதற்கு எனக்கு ஆன செலவு இது:

மோட்டாரும் ஈ.எஸ்.சி.யும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி), செகண்ட் ஹேண்டில் – 12,000
லிப்போ பேட்டரி இரண்டு – 16,000
சார்ஜர் – 5,500
மோட்டார் தாங்கி, இணைப்பு, ஒயர், கனெக்டர், சில்லறை – 3,500
மொத்தம் – 37,000 ரூபாய்

ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பத்து மாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுத்துச் சம்பாதித்த காசு. அம்மா இதைப் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் தொகையை எழுதுகிறேன்.

சரி, முதலீடு போட்டாச்சு, ஓட்டுகிற செலவாவது குறையுமா? பெட்ரோல் பக்கம் பார்ப்போம். நான் கடைசியாக வாங்கியபோது லிட்டர் 101 ரூபாய். ஆயில் 40 மி.லி. 19 ரூபாய். ஆக 120. டேங்க் அரை லிட்டர், அதாவது 60 ரூபாய். எங்க போட் அதில் 20 நிமிடம் ஓடியது. நிமிடத்துக்கு 3 ரூபாய்.

எலக்ட்ரிக் பக்கம். என்னுடைய பேட்டரி ஒவ்வொன்றும் 22.2 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர்-மணி. பெருக்கினால் 111 வாட்-மணி. ரெண்டும் சேர்த்து 222. லிப்போவை முழுக்கக் காலி செய்தால் செத்துவிடும். 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும், அப்படியென்றால் 178. என் போட் சராசரியாக 1,500 வாட் குடிக்கிறது. கணக்குப் போட்டால் 7 நிமிடம்! சார்ஜ் செய்ய கால் யூனிட்டுக்கும் குறைவான கரண்ட், 2 ரூபாய்கூட ஆகாது. "பாத்தியா, ரெண்டு ரூபா!" என்று எங்க முகாம் குதிப்பது இந்த இடத்தில்தான்.

தேய்மானம் எங்கே ஐயா? பி.காம். முதல் வருடப் பாடம் அது. லிப்போ கற்பூரம் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற சொத்து. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 150 முறை சார்ஜ் செய்யலாம் என்று வைத்தேன். 16,000-ஐ 150-ஆல் வகுத்தால் ஓர் ஓட்டத்துக்கு 107 ரூபாய். கரண்ட் காசு சேர்த்தால் 109. ஏழு நிமிடத்துக்கு 109 என்றால் நிமிடத்துக்குப் பதினைந்தரை ரூபாய். பெட்ரோலைப் போல ஐந்து மடங்கு! பெட்ரோல் இன்ஜினுக்குப் பிஸ்டன் ரிங், பிளக், கார்புரேட்டர் சவ்வு என்று வருடாவருடம் ஆகும் செலவைச் சேர்த்தாலும் இந்த இடைவெளி மூடாது. 37,000 திரும்பி வரவே வராது.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. அரை லிட்டர் பெட்ரோலுக்குள் சுமார் 4,500 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. என் பேட்டரிகளில் 222. இருபது மடங்கு வித்தியாசம். சின்ன டூ ஸ்ட்ரோக் அதில் பெரும்பகுதியைச் சூடாகவும் புகையாகவும் வீணடிக்கிறது. மோட்டார் 85 சதவீதத்தை அச்சுக்குக் கொடுக்கிறது. அப்படியும் பெட்ரோல் மூன்று மடங்கு நேரம் ஓடுகிறது. ஒப்புக்கொள்வோம். "காசு மிச்சம்" என்று சொல்லி ஒருத்தரை மாற்ற வைத்தால் அது ஏமாற்று. எங்க முகாமுக்கு இதனால் என்மேல் கோபம் வந்தால் வரட்டும்.

பொய்க் கணக்கு எண் 2: பெட்ரோல்காரர்கள் எழுதாத வரி

அப்புறம் ஏண்டா மாத்தினே என்கிறீர்களா? சொல்கிறேன்.

மாமா வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஏரி. போன வருடம் மழை நன்றாகப் பெய்து தண்ணீர் நிறைய இருந்தது. பரணில் தூங்கிய போட்டை நானும் மாமாவும் தூசி தட்டி, கார்புரேட்டரைக் கழுவி, மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டினோம். அடேங்கப்பா, என்ன சத்தம், என்ன வேகம்! கரையில் பசங்க கூட்டம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூன்று ஞாயிறும் மாமா முகத்தில் பதினைந்து வயசு குறைந்திருந்தது.

நாலாவது ஞாயிறு ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏரியில் மீன் பிடிக்க ஏலம் எடுத்தவர். சண்டைக்கு வரவில்லை. நாங்கள் போட்டை இறக்குகிற ஓரத்தைக் கை காட்டி, "தம்பி, இதப் பாரு" என்றார். தண்ணீர் மேல் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம். "காசு கட்டி எடுத்திருக்கேன்பா. மீனு வாடை அடிக்குதுன்னு ஒருத்தன் சொல்லிட்டா, எவன் வாங்குவான்?"

மாமா "இவ்ளோ பெரிய ஏரிக்கு ஒரு டம்ளர் எண்ணெய் என்னய்யா பண்ணிடும்?" என்றார். அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

வீட்டுக்கு வந்து இன்ஜினைப் பற்றிப் படித்தேன். டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. பழைய புகை வெளியே போகிற வாசலும் புதுக் கலவை உள்ளே வருகிற வாசலும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமலே, பந்திக்கு வந்தவன் உட்காராமலே போகிற மாதிரி, புகையோடு ஓடிவிடும். கார்புரேட்டர் வைத்த சாதா டூ ஸ்ட்ரோக்குகளில் கால் பங்குவரை இப்படிப் போகும். ஆர்.எக்ஸ். 100-க்குப் பின்னால் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த வாடை தெரியும். பைக்கில் அது காற்றில் போகிறது. போட்டில் புகைக்குழாய் பின்பக்கம் தண்ணீரை ஒட்டி முடிகிறது. பெட்ரோல் பெரும்பாலும் ஆவியாகிவிடும். ஆயில் ஆவியாகாது. டேங்குக்கு 20 மி.லி. ஆயில், ஒரு ஞாயிறுக்கு நாலு டேங்க். அந்த வானவில் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இது ஏதோ கிராமத்து மனிதரின் வீண் பயம் என்று நினைப்பவர்களுக்கு: கலிஃபோர்னியா, நெவாடா எல்லையில் இருக்கிற டாஹோ ஏரியில் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் படகுகளுக்கு 1999 ஜூன் முதல் தடை. அங்கே ஓடியவை ஆள் ஏறும் படகுகள், நம்முடையது நாலடி. ஆனால் இன்ஜின் வேலை செய்யும் விதம் அதேதான். நம்ம ஏரி டாஹோவைப் போல ஆழமும் கிடையாது.

இப்போது மாமாவின் கணக்கைத் திரும்பப் பாருங்கள். நிமிடத்துக்கு 3 ரூபாய். மீன்காரரின் பயம் எந்த வரியில் இருக்கிறது? ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கும் கரையோர வீடுகள் எந்த வரியில் இருக்கின்றன? எகனாமிக்ஸ் வகுப்பில் எக்ஸ்டர்னாலிட்டி என்று நடத்தினார்கள். அனுபவிப்பவன் ஒருத்தன், விலை கொடுப்பவன் வேறொருத்தன். தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது புரியாதது ஏரிக்கரையில் புரிந்தது. பெட்ரோல் மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம், பில்லில் பாதியை ஊர் கட்டுகிறது.

எலக்ட்ரிக் போட்டில் முழு பில்லும் என் தலையில். நிமிடத்துக்குப் பதினைந்தரை ரூபாய், என் பாக்கெட்டிலிருந்து. பேட்டரி செய்கிற இடத்திலும் கரண்ட் எடுக்கிற இடத்திலும் அழுக்கு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் ஏலம் எடுத்த தண்ணீரில் அது இல்லை. நான் மாற்றினதற்குக் காரணம் இது ஒன்றுதான்.

அரைகுறை மாற்றம் வேண்டாம்

இதைப் படித்துவிட்டு ஆர்வக்கோளாறில் யாராவது இன்ஜின் இருந்த இடத்தில் மோட்டாரைத் திருகிவிட்டு ஏரியில் இறக்கினால் அதற்கும் நான்தான் திட்டு வாங்க வேண்டும். அதனால் சில விஷயங்கள்.

கழற்றுவதற்கு முன்னால் டேங்கைப் பாதி நிரப்பி, போட்டைத் தூக்கிப் பார்த்து, எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றை உடம்புப் போட்டில் இது பின்பக்கத்திலிருந்து மொத்த நீளத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் இருக்கும். பேட்டரிகளை முன்னே பின்னே நகர்த்தி அதே இடத்துக்கு எடையைக் கொண்டுவர வேண்டும். நான் முதல் தடவை செய்யவில்லை. போட் தவளை மாதிரிக் குதித்தது.

பெட்ரோல் இன்ஜினுக்கு மூச்சு வேண்டும், அதனால் மூடியில் ஓட்டைகள் இருக்கும். புகைக்குழாய்க்கு ஒரு ஓட்டை. எலக்ட்ரிக்குக்கு மூச்சு வேண்டாம். எல்லாவற்றையும் அடைத்து, மூடியின் விளிம்பை டேப் ஒட்டி மூடுங்கள். உள்ளே மிதக்கிற நுரைத் துண்டுகளை அடையுங்கள். கவிழ்ந்தால் பெட்ரோல் போட்டில் போவது இன்ஜினின் மானம். இதில் போவது முப்பத்தேழாயிரம்.

சுக்கானில் இருக்கும் தண்ணீர்த் துளையைத் தூக்கி எறியாதீர்கள். இன்ஜினைக் குளிர்வித்த அதே தண்ணீர் மோட்டாரையும் ஈ.எஸ்.சி.யையும் குளிர்விக்கும்.

பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவில் உள்ள ஒயரை நீட்டாதீர்கள். நீளம் கூடினால் மின்னழுத்தம் குதித்து ஈ.எஸ்.சி.யின் கெப்பாசிட்டர்களைச் சாகடிக்கும். நீட்டியே ஆக வேண்டும் என்றால் மோட்டார் பக்கம் நீட்டுங்கள்.

மிக முக்கியம், பேராசை வேண்டாம். என் மோட்டார் 800 கே.வி., அதாவது வோல்ட்டுக்கு 800 சுற்று. 22.2 வோல்ட்டில் சும்மா சுற்றினால் 17,760, தண்ணீரில் 15,000 பக்கம். பெட்ரோல் இன்ஜின் 17,000 சுற்றியது. வேண்டுமென்றே குறைத்தேன். புரொப்பெல்லர் குடிக்கிற சக்தி சுற்றின் மும்மடிக்கு ஏறும். சுற்றை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நேரம் நிறையக் கிடைக்கும். விட்டுக்கொடுக்காதவர்களின் ஈ.எஸ்.சி. புகைவதை நீங்களே பார்க்கலாம்.

எலக்ட்ரிக்கில் எனக்குக் கிடைத்த இன்னொரு நிம்மதி: ரிமோட் சிக்னல் அறுந்தால் ஈ.எஸ்.சி. மோட்டாரை நிறுத்திவிடும். பெட்ரோலில் அதற்கென்று தனியாகக் கில் ஸ்விட்ச் வைக்காவிட்டால் த்ராட்டில் நின்ற இடத்திலேயே நின்று போட் பாட்டுக்கு ஓடும். கிளட்ச் இல்லாததால் ஸ்டார்ட் ஆனதுமே புரொப்பெல்லரும் சுற்றும். ஆனால் எலக்ட்ரிக்காரர்களே, ரொம்ப நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். சத்தமே இல்லாமல் நிற்கிற மோட்டார் பேட்டரி மாட்டிய நொடியிலிருந்து விரலை வெட்டத் தயார்.

மாமாவுக்கு நான் தர வேண்டிய பாக்கி

"உயிர்" என்று மாமா சொன்னதை முழுக்கக் கேலி செய்து முடிக்க எனக்கு மனசில்லை. அவர் கார்புரேட்டரின் ரெண்டு திருகையும் காதால் சரிசெய்வார். தூரத்தில் போகிற போட்டின் சத்தத்தைக் கேட்டு "கலவை மெலிசா இருக்கு, கூப்பிடு கூப்பிடு" என்பார். கரைக்கு வந்து பார்த்தால் பிளக் வெளுத்திருக்கும். அந்த ஞானம் எலக்ட்ரிக்கில் வேலைக்கு ஆகாது. நான் திரையில் எண்ணைப் பார்க்கிறேன், அவர் இன்ஜினோடு பேசினார். அது நிஜமான நஷ்டம். என் கணக்கில் அதற்கு ஒரு வரி எழுதுகிறேன். எதிரே தொகை போடத் தெரியவில்லை.

ஆனால் அந்த வரி இருக்கிறது என்பதற்காக மீன்காரரின் வரியை அழிக்க முடியாது மாமா. "2,200 திர்ஹாம் கொடுத்து வாங்கினேன்டா" என்பதும் வாதம் இல்லை. அது மூழ்கின செலவு. 2011-ல் கொடுத்த காசு இனி ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் திரும்பாது. இனிமேல் ஓட்டுவதற்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

மோட்டார் வைத்த பிறகு நான் போட்டைத் தூக்கிக்கொண்டு நேராக ஏரிக்குப் போகவில்லை. முதலில் அந்த மீன்காரர் வீட்டுக்குப் போனேன். போன வருடமே செய்திருக்க வேண்டியது. போட்டைத் திறந்து காட்டினேன். குனிந்து முகர்ந்து பார்த்தார்! "காலையில வலை இருக்கும்பா, வேணாம். சாயங்காலம் விட்டுக்க. கொக்கு நிக்கிற பக்கம் போவாத" என்றார். சத்தம் இல்லை என்பதற்காக மணிக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டரில் பறவைகளுக்கு நடுவே பாயலாம் என்று அர்த்தம் இல்லையே. ஒத்துக்கொண்டேன்.

பெட்ரோல் போட்டே ஓட்டக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எலக்ட்ரிக் வாங்கினால் புண்ணியம் என்றும் சொல்லவில்லை. எது ஓட்டினாலும் முழு பில்லையும் எழுதுங்கள், உங்கள் பங்கை நீங்களே கட்டுங்கள். கட்ட முடியாவிட்டால் குறைவாக ஓட்டுங்கள். நான் இப்போது வாரத்துக்கு ரெண்டே ரெண்டு ஓட்டம், பதினான்கு நிமிடம். போதும்.

மாமா இன்னும் ஏரிக்கு வரவில்லை. "ஊமைப் படகை எவன் பாப்பான்" என்கிறார். வருகிற ஞாயிறு சாயங்காலம் மறுபடியும் கூப்பிடப் போகிறேன்.

பி.கு.: இன்ஜினை விற்கவில்லை. சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, மாமாவின் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். என்றைக்காவது திருகைத் திருப்பும் அந்த வித்தையை, ஏரியை விட்டுத் தள்ளி, அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

டிஸ்கி: லிப்போவைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், கடைக்கும் போகாதீர்கள். தீப்பிடித்தால் அணைப்பது லேசில்லை. ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துப் பத்திரப்படுத்துங்கள். முழுச் சார்ஜில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் உப்பிப்போகும், என் 150 முறைக் கணக்கும் 50-ல் முடிந்துவிடும்.